மோட்டார் ஓடும்போது வந்த குரல்

போன மாதம் பிரியங்கா ஒரு காணொளி அனுப்பியிருந்தாள். நான் முப்பத்தொரு வருஷம் பேச்சுப் பயிற்சியாளராக வேலை பார்த்த மையத்தில் இப்போது என் நாற்காலியில் உட்காருகிற பெண் அவள். காணொளியில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, வருகிற பஸ்களின் போர்டையெல்லாம் பிசகாமல் படிக்கிறது. நடுநடுவே, யாரும் கேட்காமலே, ஏதோ வெளிநாட்டுக் கார்ட்டூனின் குரலில் முழு வாக்கியங்கள் பேசுகிறது. ‘ஜீனியஸ்னு சொல்லிக் கூட்டிட்டு வந்திருக்காங்க மேடம். பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பறதில்ல. நீங்க இப்படி எப்பவாவது பார்த்திருக்கீங்களா?’ என்று கீழே கேட்டிருந்தாள்.

பார்த்திருக்கிறேன். அப்போது வீடுகளில் இத்தனை போன் கிடையாது. குழந்தைகள் திருப்பிச் சொன்னது வீட்டு மனிதர்களின் குரலை. அதை இரண்டு வரியில் பிரியங்காவுக்கு எழுத என்னால் முடியவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் கோவை நகரத்துக்குள், கோட்டைமேட்டில் பிறந்தவள். அத்தா டிரங்குப் பெட்டி செய்து விற்றவர். பேச்சுக்கென்று ஒரு படிப்பு இருப்பதே எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. வெளியூரில் படித்துவிட்டு, ஓர் ஆஸ்பத்திரியின் காது மூக்குப் பிரிவில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு, சாவித்திரி மேடத்திடம் வந்து சேர்ந்தேன். தொழில் என்று நான் கற்றது அவரிடம்தான்.

சாவித்திரி மேடம் குழந்தை வளர்ச்சி மருத்துவர். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். வெளியே எல்லோரிடமும் அளந்த தமிழ். புதிதாக ஒரு குழந்தை வந்தால் முதல் பத்து நிமிஷம் அதன் முகத்தைப் பார்க்க மாட்டார். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு டப்பா நிறையச் சட்டைப் பொத்தான்களை நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருப்பார். பெற்றோர் பேசப் பேச ‘ம்’ என்பார். குழந்தை எப்போது பக்கத்தில் வருகிறது, வந்து பொத்தானைப் பார்க்கிறதா அவரைப் பார்க்கிறதா, ஒன்றை எடுத்து அவரிடம் காட்டுகிறதா என்பதையெல்லாம் அவர் தலை நிமிராமலே கவனித்துவிடுவார். பிறகு எல்லா அம்மாக்களிடமும் ஒரே கேள்வி:

“ஒரு வயசுல விரல் நீட்டி எதையாவது காட்டுச்சா? எனக்கு வேணும்னு கேக்கறதுக்கு இல்ல. நிலாவையோ காக்காயையோ, ‘அங்க பாரு’ன்னு உங்களுக்குக் காட்டுச்சா?”

பள்ளிக்கூடத்தில் படிப்பு வரவில்லை என்று வந்தவர்களுக்கு இந்தக் கேள்வி விளங்காது. மேடம் பொறுமையாகச் சொல்வார். வாசிப்பது எழுதுவது எல்லாம் மேல் மாடி. அதற்குக் கீழே பேச்சைப் புரிந்துகொள்வது. அதற்கும் கீழே இன்னொருவர் பார்க்கிற இடத்தைத் தானும் பார்ப்பது, கூப்பிட்டால் திரும்புவது, நிமிர்ந்து உட்காருவது. மாடியில் விரிசல் தெரிந்தால் மாடிக்குச் சுண்ணாம்பு அடிக்காதீர்கள், அஸ்திவாரத்தைப் பாருங்கள் என்பார்.

இதை நான் நம்பியது தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டுதான் எழுதுவாள். அரைப் பக்கத்தில் எழுத்து சரிந்துவிடும். சோம்பேறி என்று பெயர் வாங்கியிருந்தாள். நான் அவள் நோட்டையும் கண்ணையும் காதையும் சோதித்துக்கொண்டிருந்தேன். மேடம் மேஜைக்கு அடியில் குனிந்து அவள் காலைப் பார்த்தார். கால் தரையைத் தொடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. முதுகில் உறுதி இல்லாத பிள்ளை. தன்னை விழாமல் நிறுத்திக்கொள்வதிலேயே அவள் பலமெல்லாம் போய்விடுகிறது. வெளியே கிடந்த இரண்டு செங்கல்லை எடுத்து வந்து காலுக்கு அடியில் வைத்தார். ஐந்து நிமிஷத்தில் தலை நிமிர்ந்தது. அரைப் பக்கம் தாண்டியும் எழுத்து சரியவில்லை. முதுகுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு வருஷம் பிடித்தது என்பது வேறு விஷயம்.

மேடத்திடம் இன்னொரு சட்டம் உண்டு. நோட்டில் மேலிருந்து கீழாகக் கோடு கிழித்து மூன்று பத்தி போட வேண்டும். முதல் பத்தியில் அதற்கு முன்னால் என்ன நடந்தது, நடுவில் குழந்தை என்ன செய்தது, கடைசியில் அதற்குப் பிறகு என்ன. ‘பிடிவாதம் பிடித்தாள்’, ‘பயந்தாள்’ என்று எழுதினால் சிவப்பு மையில் அடித்துவிடுவார். “பயந்தாள்னு உனக்கு எப்படித் தெரியும், ஜமீலா? உள்ள போய்ப் பார்த்தியா? கேட்டதை எழுது. பார்த்ததை எழுது.”

இந்த மூன்று பத்தியோடுதான் நான் தாரணியின் வீட்டுக்குப் போனேன்.

தாரணிக்கு அப்போது ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. கிணத்துக்கடவுக்கு உள்ளே நாலு மைலில் தென்னந்தோப்பு, தோட்டத்திலேயே வீடு. அப்பா செந்தில் தோப்பைப் பார்த்துக்கொண்டார். அம்மா மகேஸ்வரி, முப்பது வயது இருக்கும், குரலே வெளியே வராத பெண். பள்ளியிலிருந்து ஒரு கடிதம் கொண்டு வந்திருந்தார்கள். பாடத்தை எழுத்துப் பிசகாமல் வாசிக்கிறாள். ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தையும் வாசிக்கிறாள். ஆனால் ஒரு கேள்விக்கும் பதில் சொல்வதில்லை, வேண்டுமென்றே செய்கிறாள் என்று எழுதியிருந்தது.

நானே சோதித்தேன். ‘கிளி மரத்தில் உட்கார்ந்தது’ என்று அட்டையில் எழுதிக் கொடுத்தேன். மணி போல வாசித்தாள்.

“கிளி எங்கே உட்கார்ந்தது?”

“கிளி எங்கே உட்கார்ந்தது?” என்றாள், என் குரலில்.

என் ‘ர்’ கொஞ்சம் தடிக்கும். அதையும் சேர்த்துச் சொன்னாள். ஆறு வயதுப் பிள்ளையின் வாயிலிருந்து என் குரல் வந்தபோது, வருஷக்கணக்காகப் பார்த்துவந்த விஷயம்தான் என்றாலும், பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

‘கதவைத் திற’ என்று எழுதிக் காட்டினேன். வாசித்தாள், உட்கார்ந்தே இருந்தாள். மூன்று வயதில் உர மூட்டையையும் மாத்திரை அட்டையையும் படித்த குழந்தை. அம்மா என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. நிலாவைக் காட்டியதில்லை. மேல் மாடி பளபளவென்று நின்றது, கீழே தூணே இல்லை. கேட்டதைப் பதிந்து வைத்துக்கொண்டு, எப்போதோ ஒருநாள் அதே குரலில் வெளியே விடுகிற பேச்சுக்கு எங்கள் தொழிலில் எதிரொலிப் பேச்சு என்று பெயர். அர்த்தம் தெரியாமல் அப்படியே விழுங்கிய பேச்சு அது. கேஸ் எனக்குத் தெளிவாக இருந்தது.

மூன்றாவது தடவை வந்தபோதுதான் செந்தில் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார்.

“இன்னொண்ணு சொல்லோணுங்க மேடம். எங்கய்யன் தவறி ஏழு மாசம் ஆச்சுங்க. தாரணி... எங்கய்யனாட்டப் பேசறாளுங்க.”

“எப்படி?”

“அவரேதானுங்க. இருமறதுகூட அதேதான்.”

மகேஸ்வரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செந்திலின் அப்பா பக்கவாதம் வந்து இரண்டு வருஷம் முன்னறையில் கயிற்றுக் கட்டிலோடு கிடந்தவர். தாரணி நாளெல்லாம் அந்தக் கட்டிலடியில்தான் உட்கார்ந்திருப்பாள். காலண்டர் தாளையும் பழைய பேப்பரையும் அவருக்கு வாசிப்பாள். ஒருநாள் பகலில் தூக்கத்திலேயே போய்விட்டாராம். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம், பட்டப்பகலில், அந்தக் காலிக் கட்டிலுக்கு அடியிலிருந்து கிழவரின் குரல் வந்தது. “அம்மணீ... அம்மணி, இருக்கறயா?” பிறகு ஓர் இருமல். அவர் மருமகளைக் கூப்பிடுகிற விதம் அது.

செய்தி ஊருக்குப் பரவிவிட்டது. செந்திலின் அக்கா வாரா வாரம் வந்து கட்டிலடியில் உட்கார்ந்து அப்பா குரலைக் கேட்டு அழுதுவிட்டுப் போனார். உறவுக்காரர்கள் தேங்காய் பழத்தோடு வந்து குழந்தையிடம் கேள்வி கேட்டார்கள். அவள் அவரவர் கேள்வியை அவரவர் குரலிலேயே திருப்பிச் சொல்ல, அதற்கும் ஓர் அர்த்தம் கண்டுபிடித்துக்கொண்டு போனார்கள். பள்ளியில் ஒருநாள் மதியம் அந்தக் குரல் வந்து மற்ற பிள்ளைகள் அலறி ஓடியிருக்கிறார்கள். மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். அக்காவோ, மலையடிவாரத்தில் ஒருவரிடம் குழந்தையை ஒரு மண்டலம் விடவேண்டும், அய்யன் என்ன குறையோடு போனார் என்று அங்கே தெரிந்துவிடும் என்று நாள் குறித்துவிட்டார். அதற்கு மூன்று வாரம் இருந்தது.

ஆறு வயது என்பது எங்கள் தொழிலில் கதவு பாதி சாத்தியிருக்கிற வயது. பள்ளியும் கைவிட்டுப் போய், ஒன்றரை மாதம் ஒரு கொட்டகையில் எல்லோரும் அவளைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மகேஸ்வரியிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, மூன்று பத்தி போட்டு, குரல் வரும்போதெல்லாம் எழுதச் சொன்னேன்.

பத்து நாளில் நோட்டு வந்தது. அழகான கையெழுத்து. நடுப்பத்தியில் எல்லா நாளும் ‘அம்மணி, இருக்கறயா. இருமல்’. முதல் பத்தியில் எல்லா நாளும் ‘ஒன்றுமில்லை’. நேரம் மட்டும் குழப்பியது. முதல் வாரம் முழுக்கக் காலை ஒன்பது, ஒன்பதேகால். அடுத்த வாரம் மதியம் இரண்டு. ‘அவர் வருகிற நேரம் மாறுகிறது’ என்று அக்கா விளக்கம் சொல்லியிருந்தாராம். சாவித்திரி மேடம் நோட்டின் முதல் பத்தியில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார்.

“முன்னாடி ஒண்ணுமில்லைன்னு ஒரு பத்தி இருக்கவே முடியாது. அவங்களுக்குப் பழகிப்போன ஏதோ ஒண்ணு, அதனால காதுல விழல. நீ போய் உக்காரு.”

போய் உட்கார்ந்தேன். செந்தில் பொள்ளாச்சிக்குப் போயிருந்தார். தோட்டத்து ஆளுக்கும் அன்று ஏதோ கல்யாணம். மகேஸ்வரி எனக்கு மோர் கொடுத்துவிட்டு, தாரணியை முன்னறையில் உட்காரவைத்தாள். அந்தக் கட்டிலை இன்னும் எடுக்கவில்லை. தாரணி கட்டிலின் கால் பக்கம், சுவரில் முதுகு படாமல் உட்கார்ந்து, தினசரிக் காலண்டரின் கிழித்த தாள்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். நல்ல நேரம், ராகு காலம், சூலம். உச்சிவெயில். தோப்பில் ஓலை அசையவில்லை.

இரண்டு மணி தாண்டிச் சில நிமிஷம். சுவரில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. மூணு பேஸ் கரண்ட். விவசாய மோட்டாருக்கு அந்தக் கரண்ட் அப்போது முறை வைத்துத்தான் வரும். ஒரு வாரம் காலையில், அடுத்த வாரம் மதியம். கோட்டைமேட்டுக்காரிக்கு அது எப்படித் தெரியும்? மகேஸ்வரி வாசலில் நின்று விளக்கைப் பார்த்தாள்.

“ஆளு இல்லீங்க மேடம். நானே போயி மோட்டாரப் போட்டுட்டுத் தண்ணி திருப்பிப்போட்டு வாரேனுங்க.”

மாமனார் இறந்த பிறகு அவள் மோட்டார் பக்கம் போவதே அன்றுதான் முதல் தடவை என்று அப்போது எனக்குத் தெரியாது. நாற்பதடி தள்ளிக் கிணற்று மேட்டில் மோட்டார் அறை. ஸ்டார்ட்டர் ‘டக்’கென்று விழுந்தது. மோட்டார் முனகி எடுத்து ஒரே சீராக ஓட ஆரம்பித்தது. தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம்.

தாரணி வாசித்துக்கொண்டிருந்த தாளைக் கீழே வைத்தாள். அவள் கண் என்னைத் தாண்டி எங்கேயோ நின்றது. உதடு அதிகம் அசையவில்லை.

“அம்மணீ...” ஒரு கிழவரின் குரல். சளி அடைத்த, ஒரு பக்கம் வாய் கோணிய குரல். “அம்மணி, இருக்கறயா?” இருமல்.

நான் எழுதினேன். மணியைக் குறித்தேன். முதல் பத்தியில் ‘மோட்டார்’ என்று போட்டேன். அவள் பள்ளிக்கூடத்துக்கு அடுத்தாற்போலவும் ஒரு தோட்டக் கிணறு உண்டு. விடை கிடைத்துவிட்டது என்று ஒரு சந்தோஷம் வந்தது. அது நிலைக்கவில்லை. ஏனென்றால் தாரணி நிறுத்தவில்லை.

“வாரேனுங்க மாமா!”

அது மகேஸ்வரியின் குரல். தூரத்திலிருந்து, மோட்டார் சத்தத்துக்கு மேல் கத்துகிற குரல். நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. குழந்தையின் வாய்தான். அந்தத் தூரத்தைக்கூட அவள் வாய் செய்தது.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு, “நெஞ்சு என்னமோ பண்ணுது அம்மணி.”

“வாரேனுங்க மாமா, மடை திருப்பிப்போட்டு வாரேன்!”

மறுபடி சும்மா இருந்தாள். அந்த இடைவெளி நீண்டது. வாசலுக்கு வெளியே நிஜ மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, நிஜத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. எனக்கு எழுந்து போய்விட வேண்டும் போலிருந்தது. எங்கள் வீட்டிலும் குழந்தை மிரண்டால் ஓதி ஊதித் தண்ணீர் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் என் வாய் தானாக ஓத ஆரம்பித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

“தண்ணி குடு கண்ணு,” என்றது கிழவரின் குரல், மிகவும் தாழ்ந்து.

“தண்ணி குடு கண்ணு,” என்றது உடனே ஒரு சிறு பிள்ளையின் குரல்.

“அந்தச் சொம்பு... கண்ணு.”

“அந்தச் சொம்பு கண்ணு.”

“கண்ணு.”

“கண்ணு.”

அப்புறம் மூச்சு. அதை நான் எழுதவில்லை. நோட்டில் அந்த இடத்தில் வெறும் மணி மட்டும் இருக்கிறது. முதல் ‘அம்மணி’யிலிருந்து பதினொரு நிமிஷம். கடைசியில் மகேஸ்வரியின் குரல், மிகப் பக்கத்தில், தாழ்வாக: “மாமா? மாமா?”

அதோடு தாரணி காலண்டர் தாளை எடுத்து, விட்ட வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள்.

மகேஸ்வரி சேற்றுக் காலோடு படியேறி வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். “வந்துச்சுங்களா?” என்றாள். வந்தது என்றேன். நோட்டை மூடிப் பைக்குள் வைத்தேன். பஸ்ஸில் கோவை வரும்வரை நோட்டைப் பைக்குள்ளிருந்து எடுக்கவில்லை.

மறுநாள் சாவித்திரி மேடம் நோட்டை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ரிப்போர்ட்டுல என்ன எழுதப்போறே?”

“அதான் மேடம் கேக்க வந்தேன். பேய் இல்லன்னு நிரூபிக்கணும்னா இது நெஜமா நடந்ததுன்னு சொல்லணும். தூக்கத்துல போனார்னுதான் அந்த வீட்டுல எல்லாரும் நினைக்கிறாங்க. அந்த மருமகப் பொண்ணு ரெண்டு தடவை பதில் சொல்லியிருக்கு. போகலை.”

“போகலைன்னு உனக்குத் தெரியாது. பதினொரு நிமிஷம் கழிச்சு வந்தாங்கன்னு தெரியும்.” நோட்டை மூடினார். “குழந்தை யாரோட கேஸ்?”

“நம்ம கேஸ்.”

“அப்ப அந்தம்மாவைத் தனியா வரச்சொல்லு. அவங்களுக்குத் தெரியாம நாம யார்கிட்டயும் எதையும் சொல்லக்கூடாது. முதல்ல அவங்க.”

மகேஸ்வரி தனியாக வந்தாள். பொத்தான் டப்பா இருக்கிற அறையில் உட்கார்ந்தோம். நான் மோட்டாரில் ஆரம்பித்தேன். சத்தம் ஒன்றைக் கேட்டால், அந்தச் சத்தத்தோடு பதிந்த பேச்சு வெளியே வருகிறது. சத்தம் மட்டும் இருந்தால் கொஞ்சம் வருகிறது. அன்றைக்கு நீங்களும் மோட்டார் அறையில் இருந்ததால் முழுதும் வந்தது என்றேன். முழுதும் என்றதும் அவள் கை முந்தானையைப் பிடித்துக்கொண்டது.

“நான் பேசுனதும் வந்துச்சுங்களா?”

“வந்தது.”

“ரெண்டு தடவையுமா?”

“ரெண்டு தடவையும்.”

பக்கத்தில் இருந்த பொத்தான் டப்பாவைத் தள்ளி வைத்தாள். “அது அன்னிக்குக் கூப்புட்டதுன்னு எனக்கு மொத நாளே தெரியுமுங்க மேடம். ஒரு நாளைக்கு அம்பது தடவ கூப்புடுவாருங்க. தலகாணி நகந்துபோச்சும்பாரு, ஈ உக்காருதும்பாரு. நெஞ்சு பண்ணுதுன்னு நெதமும் சொல்லுவாருங்க. மூணு நாளா கரண்டு இல்ல, தென்னங்கன்னுக வாடிக் கெடந்துச்சு. ரெண்டு பாத்தி பாஞ்சதும் போயிப்போடலாம்னு நெனச்சேனுங்க. போனா... சொம்பு கைக்கு எட்டாத தூரத்துல இருந்துச்சுங்க. நாந்தான் அப்பிடி வெச்சிருந்தேன்.”

“வீட்டில் யாருக்கும் சொல்லலையா?”

“தூக்கத்துல போயிட்டாருன்னு சொல்லிப்போட்டேன். எல்லாரும் நல்ல சாவுன்னாங்க.” முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “தாரணி வாயில அவரு வந்தப்போ பயந்துதானுங்க போனேன். அப்பறம் நெனச்சேன், செத்துப்போயும் என்னையத்தான கூப்புடறாரு, திட்டலையேன்னு. எல்லாரும் சாமின்னு சொல்றப்போ அது அப்பிடியே இருந்துபோட்டா நல்லதுன்னு தோணுச்சுங்க.” பிறகு கேட்டாள்: “இப்ப பாப்பாளுக்கு என்ன செய்யோணுமுங்க?”

சாவித்திரி மேடம் அதுவரை வாசலில் நின்றிருந்தார். உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். “பாப்பா அந்தக் குரலை வச்சுக்கிட்டு என்ன செய்யறதுன்னு தெரியாம இருக்கா. ஒருத்தர் கூப்பிட்டா என்ன நடக்கும்ங்கறது அவளுக்குத் தெரியாது. நீங்க காட்டணும். அவ ‘அம்மணி, இருக்கறயா’ன்னா உடனே போங்க. மண்டி போட்டு அவ கண்ணுக்கு நேரா முகத்தை வைங்க. ‘இருக்கேன் கண்ணு’ன்னு சொல்லுங்க. ஒரு வாய் தண்ணி குடுங்க. ஒவ்வொரு தடவையும். ஒண்ணு விடக்கூடாது. முக்கியமா, அவளுக்குப் பதில் சொல்லுங்க. அவருக்கு இல்ல.”

மகேஸ்வரி அன்று சாயங்காலமே புருஷனிடமும் நாத்தனாரிடமும் சொல்லிவிட்டாள். நான் சொல்லச் சொல்லவில்லை. செந்தில் எழுந்து போய் மோட்டாரை அணைத்துவிட்டுக் கிணற்று மேட்டிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம். திரும்பி வந்து, “பாப்பாளுக்கு என்ன செய்யோணும்னாங்க?” என்று மட்டும் கேட்டிருக்கிறார். அக்கா அந்த வீட்டுப் படியை மூன்று வருஷம் மிதிக்கவில்லை. மலையடிவாரப் பயணம் தானாக நின்றது.

முதல் வாரம் நான் கூடவே போனேன். சிவப்பு விளக்கு எரியும். மோட்டார் விழும். குரல் வரும். மகேஸ்வரி அடுப்படியிலிருந்து ஓடிவருவாள். கட்டிலைப் பார்த்ததும் கால் நின்றுவிடும். மூன்றாம் நாள் மண்டியிட்டாள். வாயைத் திறந்தபோது, “வந்துட்டேனுங்க மாமா,” என்றுதான் வந்தது. நான் சொம்பைக் கையில் கொடுத்தேன். மறுபடி சொன்னாள்: “இருக்கேன் கண்ணு.” தாரணி தண்ணீரைக் குடித்தாள்.

நான்கு மாதம் நோட்டில் மாற்றமில்லை. ஐந்தாவது மாதம் ‘இருமல் இல்லை’ என்று ஒரு வரி இருந்தது. பிறகு, ‘குரல் கொஞ்சம் சன்னம்’. கிழவர் அவள் தொண்டையிலிருந்து இறங்கிப் போவதை நான் தேதி வாரியாகப் படித்துக்கொண்டிருந்தேன். தைரியமாக இருக்க வேண்டிய வேலைதான். ஆனாலும் அந்த நோட்டை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

மறு வருஷம் ஒரு காலை மகேஸ்வரி போன் செய்தாள். மூச்சு வாங்கினாள். தாரணி மாட்டுத்தொட்டி ஓரம் வழுக்கி விழுந்து முழங்கால் கிழிந்திருக்கிறது. கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை. “அம்மணி, இருக்கறயா!” என்று கத்தியிருக்கிறாள். தன் சொந்தக் குரலில். ஓடிப்போனதும் அம்மாவின் கையை எடுத்துக் காயத்தின் மேல் வைத்திருக்கிறாள்.

“என்னையக் கூப்புட்டாளுங்க மேடம்,” என்றாள். “என்னையத்தானுங்க கூப்புட்டா.”

ஒரு குழந்தை தன் அம்மாவை முதல் முதலாகக் கூப்பிட்ட சொல் அது. இன்றுவரை அவளுக்கு அம்மா ‘அம்மணி’தான்.

அதற்குப் பிறகும் எளிதாக இல்லை. பழைய பள்ளி அவளைத் திரும்பச் சேர்க்கவில்லை. பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் ஓர் ஆசிரியை சம்மதித்தார். அச்சு எழுத்தை மட்டும் நம்புகிற பிள்ளை என்பதால் எழுத்தையே ஏணியாக்கினோம். ‘கதவைத் திற’ என்ற அட்டையைக் கதவிலேயே மாட்டி, வாசித்து, திறந்து, மறுபடி வாசித்து, இப்படி ஒரு வாக்கியத்துக்கு ஒரு வாரம். ‘ஏன்’ என்ற கேள்விக்கு அவள் முதல் பதில் சொன்னது பத்து வயதில். பத்தாம் வகுப்பை இரண்டாம் தடவையில் முடித்தாள். இப்போது ஊரில் ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சகத்துக்குப் பிழை பார்க்கிறாள். அவள் கண்ணுக்குத் தப்பிய ஒரு புள்ளி கிடையாதாம்.

பிரியங்காவுக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான். அந்தக் காணொளிக் குழந்தையின் கார்ட்டூன் குரலைக் கேட்டுச் சிரிக்காதே, பயப்படாதே. எந்தச் சத்தத்துக்குப் பிறகு வருகிறது என்று எழுது. யாராவது ஒருவர் மண்டியிட்டுப் பதில் சொல்ல ஆரம்பிக்கட்டும்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு தடவை தாரணி வீட்டுக்குப் போனேன். கட்டிலை எடுத்துவிட்டார்கள்; முன்னறையில் ஒரு மேஜையும் விளக்கும் இருந்தன. தாரணி ஈரம் காயாத பத்திரிகைத் தாள்களைப் பரப்பி, ஸ்கேலை வரிக்கு வரி நகர்த்திக்கொண்டிருந்தாள். மகேஸ்வரி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தலை நரைத்துவிட்டது. பேச்சு மட்டும் முன்பைவிடத் தெளிவாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது. அதைச் சொன்னேன்.

“வேணும்னேதானுங்க மேடம் இப்பிடிப் பேசறேன்,” என்றாள். “ஒண்ணு கேக்கட்டுங்களா? நான் போனதுக்கப்பறம் எங்கொரலும் அவகிட்ட இருக்குமுங்களா?”

தெரியாது என்றேன். அது உண்மை.

“இருக்குமுன்னுதான் நெனைக்கிறேனுங்க. அதனால அவ பக்கத்துல நான் கோவிச்சு ஒரு வார்த்த பேசறதில்ல. என்னைக்குப் பேசறது தங்குமோ, யாருக்குத் தெரியுமுங்க?”

அவள் இதைச் சொன்னபோது தாரணியின் ஸ்கேல் நகராமல் நின்றிருந்தது. தலையைத் தூக்காமல், கண் தாளில் இருக்க, எங்கள் இரண்டு பேர் பேச்சையும் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.